சொத்தைக் குழல்

குளியலறையிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அந்த வீட்டில் யாரும் பதறுவதில்லை. துப்பாக்கி குளிக்கிறது என்று அர்த்தம். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுவாள். மனைவி சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். வீட்டுக்காரர் மட்டும் முக்காலியில் உட்கார்ந்து, கட்டையிலிருந்து கழற்றிய குழலின் அடிப்பாகத்தை வெந்நீர் வாளிக்குள் நிறுத்தி, வாய் வழியாகக் கம்பியை விட்டு மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருப்பார். கம்பியின் நுனியில் சுற்றிய துணி தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும்; அமுக்கினால் கருகருவென்று வாளியில் துப்பும்.

அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் மட்டும் வந்த பெயர் இல்லை அது. அடுத்தவர் செய்கிற எந்த வேலையிலும் நொள்ளை கண்டுபிடிக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. கண்ணாடியில் இருக்கும் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார். அனுப்பியவன் வேறொன்று கொடுத்தால் அதிலும் ஒன்றைக் கண்டுபிடிப்பார். இப்போது அவர் கம்பியை வெளியே இழுத்து, துணியைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார். கருப்பு வரவேண்டியதுதான், கருமருந்து சுட்டால் கரி வரத்தான் செய்யும். ஆனால் கருப்புக்கு நடுவே பழுப்பாக ஒரு வரி. துரு.

"பாத்தியா?" என்று கதவைப் பார்த்துக் கத்தினார். "மறுபடியும் துரு! போன தடவை நான் பளிச்சுனு வெச்சுக் குடுத்தேன். எப்படி வந்துச்சு?"

"என்னைக் கேட்டா?" என்று கதவுக்கு அப்பாலிருந்து மனைவியின் குரல். "என் தலகாணி உறை எங்க போச்சுன்னு நான் கேக்குறேன், அதுக்கு யாரும் பதில் சொல்றதில்ல."

தலையணை உறை அவர் மடியில்தான் இருந்தது, சதுரம் சதுரமாக வெட்டப்பட்டு. குழல் துடைக்கச் சுத்தமான பருத்தித் துணிதான் வேண்டும். நைலான் கலந்தது உதவாது. பொறி பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். வீட்டில் சுத்தமான பருத்தி என்று ஒன்று மிஞ்சியிருந்தால் அது மனைவியின் தலையணை உறைகள்தான். அவர் பேச்சை மாற்றுகிற சாமர்த்தியம் இல்லாதவர். அதனால் அடுத்த சதுரத்தை எடுத்துக் கம்பியில் சுற்றினார்.

அந்தத் துப்பாக்கி மாமனார் கொடுத்தது. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, துணியில் சுற்றிய ஈயக் குண்டைத் திணித்து, பின்பக்கத் துளையில் ஒரு சின்னப் பித்தளை வெடித்தொப்பியை மாட்டிச் சுடுகிற பழங்காலச் சாமான். மாமனாருக்கு இரண்டு பெண்கள், ஒரு துப்பாக்கி. பெரிய மாப்பிள்ளைக்குக் கொடுத்தால் சின்னவர் முகம் சுருங்கும், சின்னவருக்குக் கொடுத்தால் பெரியவர் ஆறு மாதம் பேசமாட்டார். யோசித்து யோசித்து, "ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கட்டும். இந்தச் சாக்குலயாவது ஒண்ணா இருங்க," என்று சொல்லி இருவர் கையிலும் ஆளுக்கொரு முனையாகக் கொடுத்தார். நல்ல மனிதர். இரண்டு சகலைகளுக்கு ஒரே சாமானைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவருக்குச் சகலை கிடையாது.

சின்னச் சகலைக்குப் பெயர் அரைமணி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். எதைக் கேட்டாலும் "அரைமணி நேரத்துல முடிச்சுடலாம்" என்பான். வீட்டுக்கு வெள்ளையடிப்பதும் அரைமணி, கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதும் அரைமணி. ஞாயிறு காலையில் கண்ணாடிக் கடையில் கூட்டம் அலைமோதும் என்பதால் துப்பாக்கிச் சங்கத்துக்குப் போய்ச் சுடுவது பெரும்பாலும் அவன்தான். சுட்டு முடித்து, கரி பிடித்த துப்பாக்கியை இவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, "அண்ணே, இன்னைக்கு நடுவுல மூணு!" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிடுவான். சுடுவது அவன், கழுவுவது இவர். இதை நினைத்தாலே பூதக்கண்ணாடிக்கு வயிறு எரியும்.

குழலுக்குள் இப்போது குழிகள். முதலில் ஒன்றிரண்டு இருந்தன, இப்போது அம்மை வார்த்த முகம் மாதிரி இருக்கிறது. குழி இருந்தால் பார்க்க அசிங்கம் என்பதோடு முடிவதில்லை. குழிக்குள் கரி உட்காரும், கரிக்குள் நெருப்புப் பொறி உட்காரும், அடுத்த தடவை மருந்தைக் கொட்டும்போது பொறி உயிரோடு இருந்தால் கொட்டுகிறவன் கை போய்விடும். போன மாதம் சங்கத்தின் கிடங்குக்காரம்மா, அதாவது எல்லாருடைய துப்பாக்கிகளையும் சோதித்துச் சான்று கொடுக்கும் பெண்மணி, குழலுக்குள் பார்த்துவிட்டு ஒரே பேச்சில் சொல்லிவிட்டாள்: "அடுத்த சோதனையில புதுக் குழி ஒண்ணு இருந்தாலும் இனிமே சுட முடியாதபடி பின்னாடி ஓட்டை போட்டுடுவேன். சுவத்துல மாட்டி அழகு பாருங்க." சோதனை வருகிற சனிக்கிழமை.

பழுப்புத் துணியை மறுபடி பார்த்தார். எரிச்சல் உச்சிக்கு ஏறியது. சோப்புப் போட்டு, பித்தளைப் பிரஷ் விட்டு, இன்னொரு வாளி வெந்நீர் விட்டு, துணி வெள்ளையாக வரும்வரை துடைத்தார். முழங்கை வலித்தது. பிறகு அவருக்குப் பிடித்த பகுதி: எண்ணெய். நனைத்த துணியை விட்டு இழுத்தார். போதாது என்று தோன்றியது. குழலுக்குள்ளேயே கொஞ்சம் ஊற்றி, முன்னும் பின்னும் சாய்த்து, ஒவ்வொரு குழியிலும் இறங்கட்டும் என்று காத்திருந்தார். அப்புறமும் மனசு ஆறவில்லை. பின்பக்கத் துளையிலும் இரண்டு சொட்டு விட்டார். பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பவர் கூட அப்படி வைக்கமாட்டார்.

முடிவு பண்ணிவிட்டார். சனிக்கிழமை கிடங்கில், எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டியது: "இனிமே துப்பாக்கி என் வீட்டுல மட்டும்தான் இருக்கும். நீ கை வைக்க வேணாம்." மச்சினி அழுவாள், மனைவி ஒரு மாதம் சரியாகச் சமைக்கமாட்டாள், மாமனாரின் பேச்சு காற்றில் போகும். போகட்டும். துப்பாக்கியாவது பிழைக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை அரைமணி வந்தான். சங்கத்துக்குப் பக்கத்தில் வீடு, கையில் வேன். அதனால் துப்பாக்கியை முந்தின நாளே எடுத்துப் போய்விடுவது வழக்கம். வாசலிலேயே ஹார்ன் அடித்தான். வலது புருவத்தில் பாதி இல்லாத அவன் முகம் எப்போதும் எதையோ பாதி நம்பாதது போல இருக்கும். சில வருஷங்களுக்கு முன் கேஸ் அடுப்பு பற்றவைக்கும்போது கருகிப்போனதாம். அந்த இடத்தில் மயிர் திரும்ப முளைக்கவில்லை. பூதக்கண்ணாடி எந்த விசேஷத்திலும் அதை விட்டுவைத்ததில்லை.

"வா, வா. மீதிப் புருவமாவது பத்திரமா இருக்கா?"

"இருக்குண்ணே," என்று அவன் சிரித்தான். எப்போதும் சிரிப்பான். அதுவும் எரிச்சல்தான்.

"இங்க பாரு. நாளைக்குச் சோதனை. இதை நான் எப்படிக் குடுக்குறேனோ அப்படியே அங்க வந்து சேரணும். பிரிக்காத, தொடாத, நிமிர்த்தாத. புரியுதா?"

அரைமணி துப்பாக்கியை வாங்கினான். உறையின் அடியில் எண்ணெய் கசிந்து ஒரு வட்டம் இருந்தது. அவன் அந்த வட்டத்தைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

"என்ன?"

"ஒண்ணுமில்லண்ணே. காலைல பாக்கலாம்."

"எத்தனை மணிக்கு?"

"நீங்க வந்து அரைமணி நேரத்துல நான் வந்துடுவேன்."

பூதக்கண்ணாடி தலையில் அடித்துக்கொண்டார்.

கிடங்கு என்பது சங்கக் கட்டிடத்தின் பின்புறம் ஒரு நீள அறை. ஒரு பக்கம் இரும்பு அலமாரிகள், நடுவில் கம்பளித் துணி விரித்த மேசை, மேலே கண் கூசும் குழல்விளக்கு. கிடங்குக்காரம்மாவிடம் மெல்லிய ஒயர் நுனியில் ஒரு பட்டாணி அளவு கேமரா இருந்தது. அதைக் குழலுக்குள் இறக்கினால் மேசை மேலிருக்கும் திரையில் உள்ளே இருப்பதெல்லாம் சந்திரனைப் பார்ப்பது போலத் தெரியும். அவளுக்குச் சிரிக்கத் தெரியாது என்று சங்கத்தில் சொல்வார்கள். தப்பு. காரணம் கிடைத்தால் சிரிப்பாள், யாரும் காரணம் கொடுப்பதில்லை.

அரைமணி அதிசயமாக நேரத்துக்கு வந்திருந்தான். கிடங்குக்காரம்மா முதலில் காய்ந்த வெள்ளைத் துணி ஒன்றை விட்டு இழுத்தாள். மேசையில் விரித்தாள்.

பழுப்பு. கருப்பே இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு கூட இல்லை. வெறும் பழுப்பு.

பூதக்கண்ணாடி துணியைப் பிடுங்கி வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு துடைத்த குழல். முந்தாநாள் கூட அலமாரியைத் திறந்து பார்த்தாரே! "என்னய்யா பண்ணின?" என்று திரும்பினார். "ஒரு ராத்திரி! ஒரே ஒரு ராத்திரி உன் வீட்டுல இருந்துச்சு! மழையில வெச்சியா? கக்கூஸ்ல வெச்சியா?"

"சத்தம் போடாதீங்க," என்றாள் கிடங்குக்காரம்மா. கேமராவை இறக்கினாள். திரையில் குழிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு மாவு மாதிரி படிந்திருந்தது. அவள் பெருமூச்சு விட்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்தத் துப்பாக்கியை யார் கழுவுறது?"

"நான்," என்றார் பூதக்கண்ணாடி.

"நான்," என்றான் அரைமணி.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. பூதக்கண்ணாடி அவனை முறைத்தார். "நீ எப்பய்யா கழுவின? உன் ஜென்மத்துல நீ வேனைக் கழுவி நான் பாத்ததில்ல."

அரைமணி தரையைப் பார்த்தான். "சனிக்கிழமை சனிக்கிழமை கழுவுவேண்ணே, இந்த வாரம் சோதனைன்னு நேத்தே கழுவிட்டேன். வருஷக்கணக்கா."

"எதுக்கு?"

"எண்ணெயை எடுக்க."

கிடங்குக்காரம்மா ஒயரைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இது நின்றுகொண்டு கேட்கிற கதை இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "சுடுறதுக்கு முன்னாடி காய்ஞ்ச துணி ஒண்ணு விட்டா எண்ணெய் போயிடுமே?"

"போகலையேம்மா. ஒண்ணு விட்டேன், பத்து விட்டேன். வந்துக்கிட்டே இருக்கு. குழிக்குள்ள போய் உக்காந்துக்குது. அதான் வெந்நீர் ஊத்தி, சோப்புப் போட்டு..."

"அப்புறம் காய வெச்சியா?"

"வெச்சேன். அரைமணி நேரம்."

கிடங்குக்காரம்மா கண்களை மூடிக்கொண்டாள். "எண்ணெய் உக்கார்ற குழியில தண்ணி உக்காராதா? ராத்திரி பூரா உக்காந்திருக்கும். துரு பிடிக்கும். காலைல சுடுவ. அவர் வீட்டுக்குப் போகும். அவர் துருவைப் பாத்துட்டு இன்னும் ரெண்டு மடங்கு எண்ணெய் ஊத்துவார். நீ அதைப் பாத்துட்டு இன்னும் ரெண்டு வாளி தண்ணி ஊத்துவ." அவள் கண்ணைத் திறந்தாள். "ஊர்ல கழுவாம துப்பாக்கியைக் கெடுக்குறவங்களைப் பாத்திருக்கேன். கழுவிக் கழுவிக் கெடுத்த ஆளுங்களை இப்பதான் பாக்குறேன்."

"பொய்," என்றார் பூதக்கண்ணாடி. "இவன் வெந்நீர் வெச்சிருந்தா எனக்குத் தெரியாமலா இருக்கும்?"

"அண்ணிக்குத் தெரியுமே," என்றான் அரைமணி மெல்ல.

போனை எடுத்தார். மனைவி இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். அவர் கேட்டார். அவள் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "ஆமா, ஒவ்வொரு சனிக்கிழமையும் தங்கச்சி புலம்புவாளே, உன் வீட்டுக்காரர் ஊத்துற எண்ணெயைக் கழுவக் கெட்டில் கெட்டிலா தண்ணி காயுதுன்னு. அது உங்களுக்குத் தெரியாதா?"

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"துப்பாக்கியைப் பத்தி நான் வாயைத் திறந்தா நீங்க காது குடுத்திருக்கீங்களா? தலகாணி உறை எங்கன்னு கேட்டதுக்கே இன்னும் பதில் வரல."

போனை வைத்தார். கோபம் இருந்தது, ஆனால் யார் மேல் போடுவது என்று தெரியாமல் கையில் சுமந்துகொண்டு நின்றார். பழக்க தோஷத்தில் சகலை மேலேயே போட்டார். "எண்ணெய் அதிகம்னா எங்கிட்ட வந்து சொல்றதுக்கு என்னய்யா? வாயில கொழுக்கட்டையா? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? எண்ணெய் இருந்தா என்ன ஆயிடும், கொஞ்சம் புகையும், அவ்வளவுதானே?"

கிடங்குக்காரம்மாதான் சொன்னாள். "அவ்வளவுதான்னு யார் சொன்னது? பின்பக்கத் துளையில எண்ணெய் இருந்தா தொப்பி வெடிக்கும், மருந்து உடனே பத்தாது. வெடிக்கலன்னு நினைச்சுக் குனிஞ்சு பாப்பாங்க. அப்ப பத்தும். நெருப்பு பின்னாடி துளை வழியா மூஞ்சிக்கு வரும்." சொல்லிக்கொண்டே வந்தவள் அரைமணியின் முகத்தைப் பார்த்தாள்.

பூதக்கண்ணாடியும் பார்த்தார். எத்தனை விசேஷத்தில் பார்த்த முகம். வலது புருவம், பாதி. துப்பாக்கியைக் கன்னத்தில் வைத்துக் குனிந்தால் துளைக்கு நேராக வருகிற பாதி.

"கேஸ் அடுப்புன்னு சொன்னியே," என்றார்.

"ஒரு நிமிஷம் காத்திருக்கணும்னு விதி இருக்குண்ணே," என்றான் அவன் அவசரமாக. "நான்தான் காத்திருக்கல. எம்மேல தப்பு. என்னைப் பத்தித்தான் தெரியுமே, எனக்கு ஒரு நிமிஷம்கூட..."

"ஏன் சொல்லல?"

"நீங்க அவ்வளவு பாசமா ஊத்தினீங்க. எப்படிச் சொல்றது?" அவன் மறுபடி சிரித்தான். "புருவம்தானேண்ணே. அது இல்லாம நான் வேன் ஓட்டாமலா போயிட்டேன்?"

பூதக்கண்ணாடி உட்காரக் கிடைத்த முதல் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். மாமனாரின் பிறந்தநாளில், மச்சினியின் குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று, தெருவில் யாரோ ஒருவரிடம் அறிமுகப்படுத்தியபோது, "இவன் அரைமணியில அரைப் புருவத்தை ஷேவ் பண்ணினவன்" என்று தான் சொன்னதும் எல்லாரும் சிரித்ததும் அவனும் சேர்ந்து சிரித்ததும் ஒவ்வொன்றாக வந்தன. வெட்கமாக இருந்தது. அது இன்னும் அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண். கண்ணாடிக் கடைக்காரனின் சகலைக்கு ஒற்றைக் கண்.

கிடங்குக்காரம்மா திரையை மறுபடி பார்த்தாள், குழலின் கனத்தை ஒரு கருவியால் அளந்தாள், உதட்டைப் பிதுக்கினாள். "புதுக் குழி விழ ஆரம்பிச்சிருக்கு, இன்னும் இறங்கல. இரும்பு கெட்டியாத்தான் இருக்கு. ஒரு மாசம் தர்றேன். ஒரே ஆள் கழுவணும், ஒரே ஆள் வீட்டுல இருக்கணும். அடுத்த மாசம் துணியில பழுப்பு வந்துச்சு, ஓட்டை போட்டுட்டுத்தான் பேசுவேன். யாரு?"

"அண்ணன்தான்," என்றான் அரைமணி. "எனக்கு அந்தப் பொறுமை கிடையாது."

பூதக்கண்ணாடி எழுந்தார். சொல்ல வேண்டிய வாக்கியம் வாரம் முழுக்கத் தயாராக நாக்கிலேயே இருந்தது. இப்போது அதை யாரோ அவர் கையில் வைத்துக் கொடுக்கிறார்கள். துப்பாக்கியை எடுத்தார். எண்ணெய் வட்டம் படிந்த உறையில் போட்டார். சகலையின் நெஞ்சில் சாய்த்தார்.

"இவன் வீட்டுல இருக்கட்டும்மா," என்றார். "சுடுறவன்தான் கழுவணும். மூஞ்சி அவனுது."

அடுத்த ஞாயிறு மதியம் குளியலறையில் ஒரு நாற்றமும் இல்லை. மனைவிக்குச் சந்தோஷம், ஊதுபத்தி கூட ஏற்ற வேண்டியிருக்கவில்லை. மகள் கீழேயே இருந்தாள். பூதக்கண்ணாடி மட்டும் கூண்டில் அடைத்த ஆள் மாதிரி கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். கடைசியில் போன் பண்ணினார். "கழுவியாச்சா?"

"இன்னும் அரைமணி நேரத்துல, அண்ணே."

"அரைமணியா! கரி உள்ள உக்காந்து ஈரத்தை இழுத்துக்கிட்டு இருக்குய்யா! உன்னை வெச்சுக்கிட்டு..." போனை வைத்துவிட்டு பீரோவைத் திறந்தார். மனைவி கடைசியாக ஒளித்துவைத்திருந்த தலையணை உறையை அவள் கண் முன்னாலேயே எடுத்தார். அவளே கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

சகலை வீட்டுக் குளியலறை சிறியது. வாளிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், நடுவில் குழல். கம்பியை இழுத்தது அரைமணி. முக்காலியில் உட்கார்ந்து குறை சொன்னது பூதக்கண்ணாடி: இழுக்கிறது வேகம், சோப்பு ஜாஸ்தி, துணி சின்னது. கடைசித் துணி வெள்ளையாக வந்தது. குழலை அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி, தொட்டால் கை சுடுகிற வரைக்கும் காயவைத்தார்கள். அரைமணி இரண்டு தடவை எழுந்தான், இரண்டு தடவையும் இவர் உட்காரவைத்தார்.

"எண்ணெய் மட்டும் நீங்க போடுங்கண்ணே," என்றான் அவன். "எனக்கு அளவு தெரியாது."

"ஒரே ஆள்தான்னு சொன்னாங்க."

"அவங்க இங்கயா இருக்காங்க? போடுங்க."

பூதக்கண்ணாடி துணியில் எண்ணெயை விட்டார். கை பழக்கத்தில் சாய்ந்துகொண்டே போனது. நிறுத்தினார். துணியைப் பிழிந்தார். கம்பியில் சுற்றப் போனவர், வாழ்நாளில் யாரிடமும் கேட்டிராத ஒரு கேள்வியைச் சகலையின் பாதிப் புருவத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இது போதுமா?"

அரைமணி துணியைத் தொட்டுப் பார்த்தான். "இன்னும் கொஞ்சம் பிழிங்கண்ணே."

பிழிந்தார்.